ஒரு தனியார் பொறியியல் கல்லூரி

நம் பத்திரிகைத் தொழிலில் சில சொற்களை மூளை யோசிப்பதற்கு முன்பே விரல் தட்டிவிடும். ‘பிரபல துணிக்கடை’, ‘தனியார் மருத்துவமனை’, ‘முக்கியப் பிரமுகர்’. இருபத்தேழு வருடம் தாம்பரம் வட்டார நிருபராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல்லாவரத்திலிருந்து மறைமலை நகர் வரைக்கும் எந்தத் தெருவில் எந்தப் பிரமுகர் குடியிருக்கிறார் என்பது எனக்கு அத்துப்படி. ஆனால் எழுதும்போது அவர்களுக்குப் பெயரே இருக்காது. அதே செய்தியில் வரும் சாதாரண மனிதருக்கு மட்டும் பெயர், வயது, கணவர் பெயர் அல்லது அப்பா பெயர், தெரு, ஊர், வேலை என்று ரேஷன் கார்டில் இருப்பதெல்லாம் இருக்கும்.

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. பெரிய மனிதர்களைப் பற்றிப் பத்திரிகைகள் வாய் திறப்பதில்லை என்றால், மேலிடத்திலிருந்து போன் வந்து செய்தியை நிறுத்துகிறார்கள் என்றுதான் வெளியே நினைக்கிறார்கள். புது நிருபர்களான நீங்களும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். என் அனுபவத்தில் அப்படி போன் வந்தது ரொம்பக் குறைவு. போனுக்கு வேலையே வைக்காமல் நாங்களே அடக்கி வாசித்துவிடுவோம். அப்படி நான் செய்த ஒரு தவறையும், அதிலிருந்து என்னைக் கரையேற்றிய இரண்டு பெண்களையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

தாம்பரம் நிருபர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. உங்களில் பாதிப் பேர் இப்போது அதில் இருப்பீர்கள். காவல் நிலையத்தில் ஒரு தகவல் கிடைத்தால் ஒருவர் செய்தியாகத் தட்டிக் குழுவில் போடுவார். மற்றவர்கள் தலைப்பை மட்டும் மாற்றி அவரவர் அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். முறை வைத்துச் செய்வோம். அந்த வியாழக்கிழமை என் முறை.

படப்பை சாலையில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் லேப்டாப் காணாமல் போயிருக்கிறது, வேலையை விட்டுப் போன உதவிப் பேராசிரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று நிர்வாகம் புகார் கொடுத்திருக்கிறது, அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். இவ்வளவுதான் தகவல். பைக்கில் சாய்ந்து நின்றபடியே பத்து நிமிடத்தில் தட்டினேன். ‘தாம்பரம் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில்’ என்று ஆரம்பம். சுகந்தி (34), அவருடைய கணவர் பெயர், மாடம்பாக்கத்தில் எந்தத் தெரு, என்ன பாடம் நடத்தினார், எல்லாம் போட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஆறு நாளிதழ்களில் அந்தச் செய்தி வந்தது.

எங்கள் அலுவலகம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஸ்வீட் ஸ்டாலுக்கு மேல் மாடியில் இருந்தது. நாள் முழுக்க நெய் வாசனையில் உட்கார்ந்து கொலை, கொள்ளை எழுதுவோம். சனிக்கிழமை பத்து மணிக்கு அந்தக் குறுகலான படியில் ஒரு பெண் ஏறி வந்தார். கைப்பையிலிருந்து எங்கள் பத்திரிகையின் ஐந்தாம் பக்கத்தை எடுத்து என் மேசைமேல் விரித்தார். செய்தி முழுக்கச் சிவப்பு மையில் கோடுகள். ஓரத்தில், விடைத்தாளில் மதிப்பெண் போடுவதுபோல் வட்டம் போட்டு, மேலே ஆறு, கீழே பூஜ்யம் என்று எழுதியிருந்தது.

“இந்த நியூஸ் எழுதினது யாரு சார்?” என்று கேட்டார்.

நான்தான் என்று சொல்லவில்லை. “எங்க நிருபர்தான். நீங்க சொல்லுங்க மேடம்” என்றேன்.

“என்னைப் பத்தி ஆறு விஷயம் போட்டிருக்காரு சார். பேரு, வயசு, வீட்டுக்காரர் பேரு, தெரு, ஊரு, சப்ஜெக்ட். காலேஜைப் பத்தி ஒண்ணுகூட இல்ல. நேத்து என் பையனோட ஸ்கூல் வேன் டிரைவர்கூட என்னை ஒரு மாதிரி பாக்குறாரு. கம்ப்ளெயின்ட் குடுத்தவங்க யாருன்னு கேட்டா யாருக்கும் தெரியல.”

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சத்தம் போடுகிறவர்களைச் சமாளிக்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. அவர் வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் நிதானமாகச் சொன்னார். எட்டு வருடத்துக்கு முன் வேலையில் சேர்ந்தபோது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பட்டம் வரைக்கும் எல்லா அசல் சான்றிதழ்களையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. எல்லா ஆசிரியர்களுக்கும் இதே கதிதான். அசல் சான்றிதழ் கல்லூரிப் பீரோவுக்குள் இருந்தால் யாரும் வேறு வேலைக்குப் போக முடியாது அல்லவா? இப்போது அவருக்கு அரசு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளர் வேலை கைக்கெட்டும் தூரத்தில் வந்திருந்தது. சான்றிதழ் சரிபார்ப்பு அடுத்த வியாழக்கிழமை. ராஜினாமா கொடுத்து, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்து, அதற்குக் கையெழுத்துச் சீட்டும் வாங்கிவிட்டார். சான்றிதழைக் கேட்டு ஐந்து முறை நடந்தார். ஐந்தாவது முறை குரலை உயர்த்திக் கேட்டதற்குப் பதில்தான் அந்தத் திருட்டுப் புகார்.

“ஒரிஜினல் இல்லாம போனா உள்ளயே விட மாட்டாங்க சார். மூணு தடவை எக்ஸாம் எழுதி இப்பதான் என் நம்பர் வந்திருக்கு. வியாழக்கிழமை போச்சுன்னா எல்லாம் போச்சு.”

அந்தப் பீரோ விஷயம் எனக்குப் புதிதில்லை. நாலைந்து வருடமாகவே தெரியும். எங்கள் குழுவில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அந்தக் கல்லூரியின் ஆண்டு விழாவுக்குப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, பை நிறையச் சால்வையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். அட்மிஷன் காலத்தில் எல்லாப் பத்திரிகைகளிலும் முழுப் பக்கத்துக்கு அவர்கள் விளம்பரம் சிரிக்கும். பெயரைச் சொல்லிவிடுகிறேன்: மணிமுடி பொறியியல் கல்லூரி. தாளாளர் தனஞ்செயன்.

“பாக்கலாம் மேடம்” என்றேன். ஆளை அனுப்பி வைக்க நாம் சொல்லும் வார்த்தை அது.

அவர் எழுந்திருக்கவில்லை. ஐந்தாம் பக்கத்தின் அடியில் விரலை வைத்தார். ‘செய்திகளில் தவறு இருந்தால் நேரில் வந்து எழுத்து மூலம் தெரிவிக்கலாம்’ என்று தினமும் ஒரு கட்டம் வரும். எங்கள் நாளிதழை ஆரம்பித்தவர் போட்ட விதி. சம்பந்தப்பட்டவர் நேரில் வந்து, எழுதிக் கையெழுத்துப் போட்டு, ஆதாரம் கொடுத்தால், மறுநாள் அதே பக்கத்தில் திருத்தம் வந்தாக வேண்டும். விளம்பரப் பிரிவைக் கேட்க வேண்டாம், பத்திரிகை ஆசிரியரையும் கேட்க வேண்டாம். ஏன் அப்படி ஒரு விதி போட்டார் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பெரும்பாலும் ஊர் பெயர், கோயில் பெயர் மாறிப்போனதற்குத்தான் அந்தக் கட்டம் பயன்பட்டது. திருநீர்மலைத் தேரோட்டத்துக்குத் தேதி தவறாகப் போட்டு ஒருமுறை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

“ஆறு பேப்பர்லயும் வந்துச்சு சார். உங்க பேப்பர்ல மட்டும்தான் இந்தக் கட்டம் இருக்கு. அதான் இங்க வந்தேன்” என்றார் சுகந்தி.

அடுத்த மேசையில் ஐந்தாம் பக்கத்துக்குப் பொறுப்பான உதவி ஆசிரியர் இருந்தார். என்னைவிடப் பதினேழு வயது இளைய பெண். தலை நிமிராமல் வேலை பார்ப்பார். எந்தப் பிரமுகர் வந்தாலும் எழுந்து நின்று ‘வாங்க சார்’ என்பார். அதனால் பயந்த சுபாவம் என்று நானாகவே முடிவு கட்டி வைத்திருந்தேன். அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் கொண்டுவந்து சுகந்தியின் முன்னால் வைத்தார்.

“எங்க நியூஸ்ல என்னென்ன விட்டுப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க மேடம். லேப்டாப் குடுத்த சீட்டு, புகார் காப்பி ரெண்டும் ஒரு ஜெராக்ஸ் வேணும்.”

நான் உதவி ஆசிரியரை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய், “ஏம்மா, தப்பான தகவல்னாதான் திருத்தம். இங்க தப்பு எதுவும் இல்லையே, பேரை விட்டிருக்கோம், அவ்வளவுதானே?” என்றேன்.

“விட்டது தப்பு இல்லையாண்ணா?”

“அப்ப செய்தியாவே போடலாமே.”

“செய்தின்னா நாலு பேர்கிட்ட கேக்கணும். நாலு பேரும் வேணாம்பாங்க. திருத்தம்னா யாரையும் கேக்க வேணாம்ணா.”

ஞாயிற்றுக்கிழமை ஐந்தாம் பக்கத்தின் அடியில் அது வந்தது. ‘வெள்ளிக்கிழமை வெளியான லேப்டாப் மாயம் செய்தியில், புகார் கொடுத்த கல்லூரியின் பெயர் விடுபட்டுவிட்டது. அது படப்பை சாலையில் உள்ள மணிமுடி பொறியியல் கல்லூரி. லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்ததற்கான சீட்டு சுகந்தியிடம் உள்ளது. தம்முடைய அசல் சான்றிதழ்களைக் கல்லூரி திருப்பித் தரவில்லை என்று அவர் கூறுகிறார். விடுபட்டமைக்கு வருந்துகிறோம்.’ அவ்வளவுதான். முதல் பக்கத்தில் வந்திருந்தால்கூட இத்தனை பேர் படித்திருக்க மாட்டார்கள். வருந்துகிறோம் என்று ஒரு பத்திரிகை எழுதினால் என்னவோ ஏதோ என்று எல்லாரும் பார்க்கிறார்கள். எங்கள் குழுவில் ஒரு நண்பர், “இன்னா தலைவா, நீயே எழுதுவ, நீயே திருத்துவியா?” என்று கேட்டுச் சிரித்தார். மற்ற ஐந்து பத்திரிகைகளில் ஒரு வரி வரவில்லை.

மதியம் எங்கள் பத்திரிகை ஆசிரியரிடமிருந்து போன். ஓய்வுக்கு மூன்று வருடம் இருக்கும்போது தூக்கி வேறு ஊரில் போட்டால் என்ன செய்வது? அவர் இரண்டே கேள்வி கேட்டார். “எழுதிக் குடுத்தாங்களா? ஆதாரம் இருக்கா?” இரண்டுக்கும் ‘இருக்கு சார்’ என்றேன். “சரி” என்று வைத்துவிட்டார். அவருக்கு அன்றைக்கு எங்கெங்கிருந்து போன் வந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். அதில் ஒன்றைக்கூட அவர் எங்கள் தலையில் இறக்கவில்லை. அதற்காக இன்றைக்கும் அவரை நன்றியோடு நினைக்கிறேன்.

திங்கட்கிழமை தாளாளர் பேசினார். கோபமே இல்லை. “என்ன தம்பி, நம்ம வீட்டு விசேஷத்துக்கெல்லாம் வர்ற ஆளு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். ஏதாவது உளறி, மன்னிப்புக் கேட்டிருப்பேன். உதவி ஆசிரியர் எதிரே நின்று, ஐந்தாம் பக்கத்தின் அந்தக் கட்டத்தை எனக்கு எடுத்துக் காட்டினார். அதையே போனில் சொன்னேன். “தப்பு இருந்தா நேர்ல வந்து எழுதிக் குடுங்க சார். உங்க விளக்கத்தையும் அதே இடத்துல போடுவோம்.”

கல்லூரியின் மக்கள் தொடர்பு அலுவலர் வந்தார். சம்பந்தப்பட்டவர்தான் வர வேண்டும் என்று உதவி ஆசிரியர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். செவ்வாய்க்கிழமை தாளாளரே வந்தார். வெள்ளைக் காரை ஸ்வீட் ஸ்டாலின் முன்னால் நிறுத்திவிட்டு, அந்தப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். கல்லூரி லெட்டர் பேடில் தயாராக எழுதிக் கொண்டுவந்திருந்தார். ‘எங்கள் கல்லூரி எந்த ஆசிரியரின் அசல் சான்றிதழையும் பிடித்து வைப்பதில்லை.’

உதவி ஆசிரியர் வழக்கம்போல் எழுந்து நின்றார். டீ வரவழைத்தார். கடிதத்தைப் பயபக்தியோடு படித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பச்சைப் பொய் என்று தெரிந்தும் இப்படிக் குழைகிறாரே என்று மனசுக்குள் திட்டினேன்.

“ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார் அவர். “ஆனா வாசகர்கள் எங்களுக்கு போன் பண்ணி, கேட்டா குடுப்பாங்களான்னு கேப்பாங்க. அதுக்கும் ஒரு வரி இருந்தா உங்களுக்குத்தான் சார் மரியாதை.”

“போட்டுக்கோம்மா, அதுக்கென்ன?” தாளாளர் பேனாவைத் திறந்தார். ‘யார் கேட்டாலும் கேட்ட அன்றே வழங்கப்படும்’ என்று தன் கையாலேயே சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

அவர் கார் கிளம்பியதும், “உனக்கு வெக்கமா இல்லையாம்மா?” என்று கேட்டேன். கேட்டதற்கு இன்றும் கூசுகிறேன். அவர், சுகந்தி எழுதிக் கொடுத்த தாளை எடுத்து அதிலிருந்த நம்பருக்கு போன் போட்டார். “மேடம், நாளைக்கு எங்க பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு காலேஜுக்குப் போங்க. தனியா போகாதீங்க. சர்டிஃபிகேட் உள்ள மாட்டிக்கிட்ட எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.” அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

புதன்கிழமை காலை கல்லூரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். ஒன்பதரைக்கு சுகந்தியோடு சேர்த்துப் பதினோரு பேர் உள்ளே போனார்கள். ஒவ்வொருவர் கையிலும், தாளாளரின் விளக்கம் வந்த ஐந்தாம் பக்கம். பதினொன்றரை ஆயிற்று, ஒருவரும் வெளியே வரவில்லை. மாலைக்குள் கிடைக்காவிட்டால் மறுநாள் சரிபார்ப்பு போய்விடும். நான் நாலாவது டீ சொன்னபோது கடைக்காரர், “இன்னா சார், காலைலேர்ந்து இங்கியே குந்திகினு கீற, எதுனா பேஜாரா?” என்றார். பதினோரு பேர் தங்கள் சான்றிதழுக்காக உள்ளே நிற்கிறார்கள் என்று சொன்னேன். அவர் அந்த டீயை இன்னும் கொஞ்சம் கெட்டியாகப் போட்டுக் கொடுத்தார்.

உள்ளே நடந்ததை சுகந்தி பிறகு சொன்னார். தாளாளர் ஊரில் இல்லை என்று முதலில் சொல்லியிருக்கிறார்கள். கணக்கு ஆசிரியர் ஒருவர், ‘யார் கேட்டாலும் கேட்ட அன்றே’ என்பதைக் கவுன்டரில் நின்று சத்தமாகப் படித்திருக்கிறார். அட்மிஷன் விசாரிக்க வந்த பெற்றோர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மேலே போன் போயிருக்கிறது. என்ன பேசினார்களோ, ஒரு மணிக்குச் சாவி வந்திருக்கிறது. பீரோவைத் திறந்த கிளார்க் ஒவ்வொரு உறையாகப் பெயர் படித்துக் கொடுத்திருக்கிறார். பதினோரு உறையும் கொடுத்து முடித்த பிறகு, பன்னிரண்டாவதாக ஒன்றை எடுத்துத் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டிருக்கிறார். அது அவருடையது.

ஒன்றே முக்காலுக்கு சுகந்தி வெளியே வந்தார். உறையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தார். ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு வந்து, உறையைப் பிரித்துப் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை எனக்குக் காட்டினார். மறுநாள் சரிபார்ப்பு முடிந்தது. இப்போது அவர் அரசு பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறார்.

இதை வெற்றிக்கதையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். லேப்டாப் புகாரைக் கல்லூரி சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொண்டது. தனஞ்செயன் மேல் ஒரு நடவடிக்கையும் இல்லை. அவர் இன்னொரு கல்லூரி திறந்தார், திறப்பு விழாவை எல்லாரும் பெரிதாகப் போட்டார்கள். பீரோ பற்றி இன்றுவரை எங்கும் ஒரு செய்தி வரவில்லை. வந்ததெல்லாம் ஒரு திருத்தமும் ஒரு விளக்கமும்தான். ஆனால் அந்த நாலு நாலு வரியால் பன்னிரண்டு பேர் வாழ்க்கை வெளியே வந்தது. நான் இத்தனை வருடத்தில் எழுதிய எதனாலும் அவ்வளவு நடந்ததில்லை. அதற்குப் பிறகு, செய்தியை அனுப்புவதற்கு முன் சிவப்புப் பேனாவை எடுத்து, யாரைப் பற்றி எத்தனை விவரம் இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பேன். நீங்களும் செய்து பாருங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும்.

இதை எழுத உட்கார்ந்தபோது இருவரிடமும் பெயர் போடலாமா என்று கேட்டேன். உதவி ஆசிரியர், “வேணாம்ணா, நான் இன்னும் இங்கதான வேலை பாக்குறேன்” என்றார். குரலில் அதே பணிவு. இப்போது அந்தப் பணிவைக் கேட்டால் எனக்கு மரியாதைதான் வருகிறது. அன்றைக்கு வெட்கமில்லையா என்று கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன். “அதை அன்னைக்கே மறந்துட்டேண்ணா” என்று சிரித்தார்.

சுகந்தி, “தாராளமா போடுங்க சார்” என்றார். பிறகு நான் இத்தனை வருடம் சொல்லாததைச் சொன்னேன். அந்தச் செய்தியை எழுதியது நான்தான், எங்கள் பத்திரிகைக்கு மட்டுமல்ல, ஆறுக்கும் நான்தான் என்றேன்.

“ஆறு பேப்பர்லயும் ஒரே வரி சார். காப்பி அடிச்சதைக் கண்டுபிடிக்கத் தெரியாத டீச்சரா நான்? யாரைப் பாத்து அடிச்சாங்கன்னுதான் தெரியாம இருந்துச்சு” என்றார். “டீக்கடையில எனக்காக உக்காந்திருந்தீங்க, அதை நான் மறக்கல. ஆனா இதையும் எழுதுங்க.”

ஆகவே ஒரு திருத்தம். தாம்பரம் அருகே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் லேப்டாப் மாயம் என்று ஆறு நாளிதழ்களில் வெளியான செய்தியில், அதை எழுதியவரின் பெயர் விடுபட்டுவிட்டது. எழுதியவர் வேதாசலம் (61), தந்தை பெயர் கண்ணப்பன், கிணற்றடித் தெரு, சேலையூர், ஓய்வு பெற்ற நிருபர். சம்பந்தப்பட்டவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எழுதினார். விடுபட்டமைக்கு வருந்துகிறேன்.